கூதிர்காலமும் பட்டன் தேய்ந்த சக்கரமும்

இலக்கியம் பேசும் இடத்தில் டயரைப் பற்றி எழுதுவதா என்று நண்பர்கள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். சுளிக்கட்டும். தேரும் தேர்ச்சக்கரமும் பாகனும் இல்லாமல் முல்லைத்திணைப் பாடல்களில் பாதியை வாசிக்க முடியாது என்பதை மட்டும் அவர்களுக்கு நினைவூட்டிவிட்டு மேலே செல்கிறோம்.

வினைமுற்றி மீளும் தலைவன் பாகனிடம் பேசுவது சங்கப் பாடல்களில் ஒரு தனித்துறை. கார் தொடங்கிவிட்டது, சொன்ன பருவம் வந்துவிட்டது, அவள் காத்திருப்பாள், தேரை விரைந்து செலுத்து என்பதே அப்பேச்சின் சாரம். ஈரநிலத்தைச் சக்கரம் கிழித்துக்கொண்டு போகும் காட்சியும் அங்கே திரும்பத் திரும்ப வருகிறது. வண்டினங்கள் மிரளக்கூடாதென்று தேர்மணியின் நாவைக் கட்டிக்கொண்டு வருகிற தலைவனையும் (அகநானூற்றின் நான்காம் பாடல்) நாம் வியந்திருக்கிறோம். ஆனால் இத்தனை பாடல்களிலும் பாகன் அநேகமாக வாய் திறப்பதில்லை. மழையில் ஊறிய செம்மண்ணில் தேரை விரைந்து ஓட்டச் சொன்னபோது அவன் என்ன நினைத்தான்? சக்கரத்தின் நிலையைப் பற்றி அவனுக்கு ஏதேனும் சொல்ல இருந்ததா? உரையாசிரியர்களும் கேட்கவில்லை, நாமும் கேட்டதில்லை.

அந்தக் கேள்வியை இன்றைய பாகர்களிடம் கேட்டுப் பார்க்கலாமே என்றுதான் நயினார்கோவில், பரமக்குடி, இராமநாதபுரம் வட்டாரத்து வேன், கார் ஓட்டுநர்கள் சிலரோடு கடந்த இரண்டு மழைக்காலங்களில் பேசிக்கொண்டிருந்தோம். நயினார்கோவிலைத் தேர்ந்துகொண்டதற்குப் பெரிய காரணம் ஏதுமில்லை. எங்களில் இருவருக்கு அது சொந்த ஊர். பேச்சற்ற இசுலாமியப் பெண்ணொருத்தி நாகநாதர் சந்நிதியில் ‘நயினார்’ என்று வாய் திறந்தாள் என்பது ஊரார் சொல்லும் தலக்கதை. பேசாதவர்களைப் பேசவைக்கக் கேட்கப் பொருத்தமான இடம்தான்.

முதலில் பருவத்தைப் பற்றி. குளிர்காலம் என்றதும் பனிபொழியும் தெருக்கள் நம் மனத்தில் விரிவது பள்ளிக்கூடத்து ஆங்கிலப் பாடநூல்களின் உபயம். தொல்காப்பியம் ஆண்டை ஆறாகப் பகுத்தது. ஆவணியும் புரட்டாசியும் கார், ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர், மார்கழியும் தையும் முன்பனி. இராமநாதபுரம் சீமைக்குக் கார் என்பது பெரும்பாலும் ஏமாற்றம். மேகம் வரும், போகும். மழை என்று சொல்லத்தக்கது கூதிரில்தான். ஆண்டுக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் பெய்யும் இந்த மாவட்டத்தில் பாதிக்கும் மேல் ஐப்பசியிலிருந்து மார்கழிக்குள் கொட்டித் தீர்த்துவிடும். சில சமயம் ஒரே நாளிலும். 2024 நவம்பர் 20ஆம் தேதி இராமேசுவரத்தில் 40 சென்டிமீட்டருக்கு மேல் பெய்ததை அவ்வூரார் மறந்திருக்கமாட்டார்கள். ஆக, நம்முடைய குளிர்காலத்தில் சாலையில் விழுவது வெண்பனி அல்ல, தண்ணீர். சக்கரத்துக்கு இரண்டுமே சோதனைதான்; சோதனையின் தன்மைதான் வேறு.

வெண்பனி விழும் நாடுகளில் இதற்கு என்ன செய்கிறார்கள் என்பதைப் புலம்பெயர்ந்த நண்பர்களிடமிருந்து அறிகிறோம். ரொறன்ரோவிலும் மொன்றியலிலும் வாழும் தமிழர்களுக்குக் கார்த்திகை பிறந்தால் நான்கு டயர்களையும் கழற்றி வேறு நான்கை மாட்டுவது தீபாவளிக்குத் துணியெடுப்பது போல ஒரு வருடாந்தரக் காரியம். கழற்றியவை வாகனக் கொட்டகையிலோ கடைக்காரரின் கிடங்கிலோ பங்குனி வரை உறங்கும். இந்தப் பனிக்கால டயர் என்ற பொருளை முதன்முதலில் செய்தது பின்லாந்தின் நோக்கியா ஊர் ரப்பர் தொழிற்சாலை, 1934இல், லாரிகளுக்காக. (கைப்பேசிக்காரர்களும் அதே ஊரிலிருந்து வந்தவர்களே.) சாதாரண டயரின் ரப்பர் ஏழு டிகிரி செல்சியசுக்குக் கீழே விறைக்கத் தொடங்குகிறது. விறைத்த ரப்பர் சாலையைப் பற்றாது, வழுக்கும். பனிக்கால டயரின் ரப்பர் அந்தக் குளிரிலும் மென்மை குன்றாத கலவை. அதன் கட்டைகளில் கத்தியால் கீறியது போல நுண்ணிய வெட்டுகள் நூற்றுக்கணக்கில் இருக்கும். அவை பனியைக் கவ்விப் பிடிக்கின்றன. பக்கச்சுவரில் மூன்று சிகரம் கொண்ட மலைக்குள் ஒரு பனித்துகள் பொறித்திருந்தால் அது சோதனையில் தேறிய டயர் என்று பொருள்.

கியூபெக் மாகாணம் 2008இலேயே இதைச் சட்டமாக்கிவிட்டது. இன்று அங்கே டிசம்பர் முதல் தேதியிலிருந்து மார்ச் 15 வரை பனிக்கால டயர் இல்லாத காரைச் சாலைக்குக் கொண்டுவர முடியாது. பக்கத்து ஒன்ராறியோவோ கட்டாயப்படுத்தவில்லை. மாட்டியவர்களுக்குக் காப்பீட்டுக் கட்டணத்தில் தள்ளுபடி தரவேண்டுமென்று 2016 முதல் காப்பீட்டு நிறுவனங்களுக்கு உத்தரவிட்டிருக்கிறது. ஒரே நாட்டில் அடுத்தடுத்த இரு மாகாணங்கள், ஒன்று தடியாலும் மற்றொன்று வெல்லத்தாலும் ஒரே காரியத்தைச் செய்விக்கின்றன. அங்கே டாக்சியும் சரக்கு வண்டியும் ஓட்டும் தமிழர்களின் அனுபவங்கள் பலவிதம். புதுப்பனியில் நன்றாகப் பிடிக்கும் டயரும் மழை பெய்து உறைந்த கண்ணாடித் தரையில் கைவிட்டுவிடும் என்கிறார் ஒருவர். பனியே இல்லாத உலர்ந்த நாளில் அதே டயர் இளகியது போலத் தளும்புகிறது, வளைவில் பழைய நம்பிக்கை வருவதில்லை என்கிறார் இன்னொருவர். இருவர் சொல்வதும் மெய்தான். எல்லாப் பருவத்துக்கும் பொருந்தும் சக்கரம் என்று ஒன்று இல்லை.

இந்த டயரை நயினார்கோவிலுக்குக் கொண்டுவந்தால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது, விரைவில் தேய்ந்துபோகும், அவ்வளவே. தை மாதத்து விடியலிலும் இங்கே வெப்பம் இருபது டிகிரியை ஒட்டித்தான் நிற்கிறது. வெயில் ஏறினால் அந்த மென்ரப்பர் தார்ச்சாலையில் அழிரப்பரைப் போலக் கரையும். நமக்கு வேண்டியது அந்தப் பொருள் அல்ல. டயர் ஒரு பருவத்துக்கு உரியது, பருவம் மாறும்முன் அதைப் பார்த்தாக வேண்டும் என்கிற அந்த நினைப்புத்தான் நமக்கு வேண்டியது. அது நம்மிடம் இல்லை. நம் ஊர்களில் டயரை மாற்றுவது அது வெடித்த பிறகு. அல்லது கம்பி வெளியே தெரிந்த பிறகு.

அதற்கு ஓர் உள்காரணம் இருக்கிறது. டயரின் மேற்பரப்பில் உள்ள கட்டைகளை நம் ஓட்டுநர்கள் ‘பட்டன்’ என்பார்கள். பட்டன் தேய்ந்து மொட்டையான டயர் உலர்ந்த சாலையில் மோசமாக ஓடுவதில்லை. சொல்லப்போனால் நன்றாகவே பிடிக்கிறது. பந்தயக் கார்கள் உலர்ந்த தடத்தில் பட்டனே இல்லாத டயரில்தானே ஓடுகின்றன? ஆண்டில் ஒன்பது மாதம் தூசி பறக்கும் இந்தச் சீமையில் மொட்டை டயர் தன் மொட்டையை யாருக்கும் காட்டிக்கொடுப்பதில்லை. உரிமையாளரும் ‘ஓடுகிறதே’ என்றிருப்பார். ஐப்பசியின் முதல் மழையில்தான் கணக்குத் தீர்க்கப்படும்.

ஒரு கார் டயர் சாலையைத் தொடும் பரப்பு ஏறத்தாழ ஓர் அஞ்சலட்டை அளவு. நான்கு அஞ்சலட்டைகளின் மேல்தான் ஒரு குடும்பம் இராமேசுவரம் போய்க்கொண்டிருக்கிறது. சாலையில் நீர் நின்றால் அதை ஒதுக்கி வெளியே தள்ளப் பட்டன்களுக்கு நடுவே உள்ள பள்ளங்கள் வேண்டும். பள்ளம் ஆழமற்றுப் போனால் நீர் போக வழியின்றி டயருக்கு அடியிலேயே ஆப்பாக நுழைந்து அதைத் தூக்கிவிடும். அதன்பிறகு கார் சாலையில் இல்லை, நீரின் மேல் மிதக்கிறது. திருப்பினாலும் திரும்பாது, மிதித்தாலும் நிற்காது. இந்திய விதிகளின்படி காருக்கு 1.6 மில்லிமீட்டர் பள்ளமாவது மீந்திருக்க வேண்டும். பள்ளத்தின் அடியில் குறுக்கே ஒரு சிறு மேடு வார்த்திருப்பார்கள். பட்டன் அந்த மேட்டின் மட்டத்துக்கு வந்துவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது. ஈரச்சாலைக்கு அந்த 1.6கூடப் போதாது, மூன்று மில்லிமீட்டராவது இருந்தால்தான் துணிந்து மிதிக்கலாம் என்று இத்துறை அறிந்தவர்கள் பலர் சொல்கிறார்கள். எங்களுக்கும் அதுவே சரியெனப் படுகிறது.

இங்கே ஈரம் என்பதும் ஒரே வகையானதல்ல. இதை ஓட்டுநர்கள் சொல்லக் கேட்க வேண்டும். முதல் மழையை அவர்கள் தனியே பிரித்துப் பேசுகிறார்கள். மாதக்கணக்கில் சாலையில் படிந்த எண்ணெயும் புழுதியும் அந்த முதல் அரைமணித் தூறலில் குழம்பி வெண்ணெயாகிவிடும். பெருமழை அதைக் கழுவிச் செல்லும் வரை ஆபத்து. ‘கொட்டுற மழைய நம்பலாம் சார், தூத்தல நம்பக்கூடாது’ என்றார் நயினார்கோவில் வேன் ஓட்டுநர் ஒருவர். அடுத்தது கரிசல். உழவடையின்போது வயலில் இறங்கி ஏறும் டிராக்டர்கள் கரிசல் சேற்றைக் கட்டிகட்டியாகத் தார்ச்சாலைக்குக் கொண்டுவருகின்றன. நனைந்த கரிசல் தேய்த்த சோப்பைப் போன்றது. டயரின் பள்ளங்களை அடைத்துக்கொண்டால் புத்தம்புது டயரும் மொட்டை டயர்தான். கண்மாய்க்கரை மேல் போகும் சாலைகளில் இது நேர்ந்தால் ஒருபுறம் தண்ணீர், மறுபுறம் பள்ளம். எதிரே பேருந்து வந்துவிட்டால் ஒதுங்கவும் மண்தோள் கிடையாது.

மழை ஓய்ந்து தை பிறந்தால் வேறொரு சங்கடம். அறுத்த நெல்லையும் குதிரைவாலியையும் களமில்லாத ஊர்களில் சாலையில் பரப்பிவிடுவார்கள். காய்ந்த தானியத்தின் மேல் ஓடும் சக்கரம் பால்ரஸ் குண்டுகளின் மேல் ஓடுவது போல. சாலையில் பரப்புவது குற்றம் என்று சொல்வது எளிது. ஊருக்கொரு உலர்களம் கட்டித்தராமல் அதைச் சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. கடலோரம் போனால் வாலிநோக்கம் பக்கத்து உப்பு லாரிகளிலிருந்து கசியும் நீரால் மழையில்லாத நாளிலும் சாலை நனைந்திருக்கும். பாம்பன் சாலைப் பாலத்தைப் பற்றி ஆளுக்கொரு கதை உண்டு. 1988இல் திறக்கப்பட்ட அந்த இரண்டே கால் கிலோமீட்டர் பாலத்தின் இணைப்புகளில் உள்ள இரும்பு மழைநாளில் வழுக்கும், அதே நேரத்தில் பக்கவாட்டில் காற்றும் தள்ளும். இரும்பின் மேல் சக்கரம் போகும்போது பிரேக்கையும் தொடக்கூடாது, ஸ்டியரிங்கையும் அசைக்கக்கூடாது என்பது அவர்கள் தமக்குள் கற்பித்துக்கொள்ளும் பாடம். எந்த ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியிலும் இதை நாங்கள் கேள்விப்பட்டதில்லை.

அனுபவ அறிவை அப்படியே தலைமேல் வைத்துக்கொண்டாட வேண்டும் என்பதல்ல எங்கள் கட்சி. டயரில் காற்று விஷயத்தில் இங்கே ஒரு பிழையான வழக்கம் வேரூன்றியிருக்கிறது. 2017இல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை திறக்கப்படும் முன்பு, முகுந்தராயர் சத்திரத்தைத் தாண்டித் தனுஷ்கோடிக்குப் போவதென்றால் மணலிலும் முழங்காலளவு கடல்நீரிலும் ஓடப் பழகிய வேன்களும் ஜீப்புகளும்தான் கதி. மணலில் காற்றைக் குறைத்தால் டயர் அகன்று படிந்து புதையாமல் போகும். இது சரியான அறிவு. வளைகுடா நாடுகளில் ஓட்டிவிட்டுத் திரும்பிய இம்மாவட்டத்து ஓட்டுநர்களும் பாலைமணலில் இதையே கற்றுவந்தார்கள். ஆனால் அந்த அறிவு மெல்ல இடம்பெயர்ந்து, மழையில் ஓடும்போதும் காற்றைக் கொஞ்சம் இறக்கினால் ‘பிடிப்பு’ கிடைக்கும் என்ற நம்பிக்கையாகிவிட்டது. நேர்மாறு. 1960களில் நாசா ஆய்வாளர்கள் விமானச் சக்கரங்களை நீர் தேங்கிய ஓடுதளத்தில் ஓட்டிப் பார்த்துக் கண்ட சூத்திரம் ஒன்றுண்டு. டயர் எந்த வேகத்தில் நீரில் மிதக்கத் தொடங்கும் என்பது அதன் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. அதைத் தேய்ந்த கார் டயருக்குப் பொருத்திப் பார்த்தால், 30 பவுண்டு காற்றில் மணிக்குச் சுமார் 90 கிலோமீட்டரில் மிதக்கும் டயர், 20 பவுண்டுக்கு இறக்கினால் சுமார் 75லேயே மிதந்துவிடும். மணல் வேறு, நீர் வேறு. மணலில் மிதப்பதற்காகத்தான் காற்றை இறக்குகிறோம், நீரில் மிதந்துவிடக்கூடாதே!

இதைச் சொன்னபோது தனுஷ்கோடியில் பல ஆண்டு வேன் ஓட்டிய பெரியவர் ஒருவர் எங்களை நம்பவில்லை. நம்பாமலிருக்க அவருக்கு உரிமையுண்டு. பழைய நகரத்தின் இடிபாடுகளுக்கு வழியே இல்லாத இடத்தில் வழி கண்டவர் அவர்.

எந்த அச்சில் நல்ல டயரை மாட்டுவது என்பதிலும் சண்டைதான். பேருந்துக்கும் லாரிக்கும் முன்னால் புதிது, பின்னால் மறுபட்டன் போட்டது என்பது மரபு. முன்டயர் வெடித்தால் ஸ்டியரிங் கையை விட்டுப் போய்விடும் என்பதால் அங்கே அது நியாயமே. அதே வழக்கத்தைக் காருக்கும் கொண்டுவந்து, புதிதாய் இரண்டு டயர் வாங்கினால் கண்ணை மூடிக்கொண்டு முன்னால் மாட்டிவிடுகிறார்கள். ஈரச்சாலையில் முன்சக்கரம் வழுக்கினால் கார் நேராகப் போகும். கால் எடுத்தால் பெரும்பாலும் திரும்பக் கைக்கு வரும். பின்சக்கரம் வழுக்கினாலோ வால்பக்கம் சுழன்று முன்னுக்கு வந்துவிடும், அதைச் சமாளிக்கத் தேர்ந்த கை வேண்டும். ஆகவே காரில் நல்ல இரண்டும் பின்னால் இருக்க வேண்டும் என்பதே டயர் நிறுவனங்களின் அறிவுரை. ஸ்டாண்டில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. சத்திரக்குடி வளைவில் வால் சுற்றி வயலில் இறங்கியவர் அவர்.

மறுபட்டன் என்றதும் சில வாசகர்களுக்கு இளக்காரம் தோன்றலாம். அது தேவையற்றது. தேய்ந்த டயரின் உடல் நன்றாயிருந்தால் மேல்ரப்பரைச் சுரண்டிப் புதிய பட்டன் ஒட்டி வேகவைப்பது உலகெங்கும் நடக்கும் மதிப்பான தொழில். நம் அரசுப் போக்குவரத்துக் கழகங்களே தமக்கென மறுபட்டன் கூடங்கள் நடத்துகின்றன. சென்னையின் எம்.ஆர்.எஃப். நிறுவனமே முதலில் பலூன் செய்து, 1952இல் மறுபட்டனுக்கான ரப்பர் செய்யத் தொடங்கி, பிறகுதான் முழு டயருக்கு வந்தது. இளக்காரம் கொள்ளவேண்டியது வேறொன்றின்மேல். தேதி கடந்த பழைய டயரைக் கருப்பு மை பூசிப் பளபளக்க வைத்து ‘ஓடாத டயர் அண்ணே’ என்று விற்பது. டயரின் பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும். 3519 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 35ஆம் வாரம் பிறந்தது. ஓடாவிட்டாலும் ரப்பருக்கு வயதாகும், இறுகும், வெடிக்கும். இந்த நான்கு இலக்கங்களை வாசிக்கத் தெரிந்த உரிமையாளரை இதுவரை ஒருவரைத்தான் சந்தித்தோம். ஓட்டுநர்களில் பலருக்குத் தெரிந்திருக்கிறது.

எங்கள் பேச்செல்லாம் கடைசியில் வந்து முட்டியது இந்த இடத்தில்தான். சக்கரத்தை அறிந்தவர் ஓட்டுநர். சக்கரத்தை எப்போது மாற்றுவதென்று முடிவு செய்கிறவர் உரிமையாளர். கனடாவில் டாக்சி ஓட்டும் தமிழர் பலருக்கும் வண்டி சொந்தம். டயரும் அவர் முடிவு. பரமக்குடியில் அப்படியல்ல. இங்கே வேன் ஒருவருடையது, ஓட்டுகிறவர் மாதச் சம்பளத்துக்கோ நாள் பேட்டாவுக்கோ ஓட்டுகிறார். அதற்கும் கீழே ஒரு படியில் ஆக்டிங் டிரைவர். இரவு பத்து மணிக்கு யாரோ போன் செய்வார்கள்; அதிகாலை மூன்றுக்குச் சாவியைக் கையில் கொடுப்பார்கள். இருட்டில், ஆட்கள் ஏறி உட்கார்ந்துவிட்ட வண்டியில், குனிந்து பட்டனைத் தடவிப் பார்க்க எந்த ஆக்டிங் டிரைவருக்கு வாய்க்கும்? கார்த்திகை, மார்கழியில் இராமேசுவரம் சாலையில் மாலையணிந்த பக்தர்களின் வண்டிகள் இரவும் பகலும் ஓடுகின்றன. சபரிமலை, பழனி, மதுரை, இராமேசுவரம் என்று நாலு நாளில் முடித்துவிட வேண்டும் என்பது பயணத்திட்டம். மழைக்காலமும் அதுவே, கூட்டக்காலமும் அதுவே, தூக்கமற்ற காலமும் அதுவே.

‘பட்டன் போச்சுண்ணே, மழைக்குள்ள மாத்திருவம்னு மொதலாளிகிட்ட மூணு தடவ சொல்லிட்டேன். பொங்கல் முடியட்டும்டாங்கிறாரு. பொங்கலுக்கப்புறம் மழையே இல்லையே, அப்புறம் எதுக்கு மாத்துறது?’ இது ஓர் இளைஞர் சொன்னது. உரிமையாளர் கொடியவர் அல்லர். வங்கித் தவணை, காப்பீடு, சாலைவரி என்று அவர் கழுத்திலும் கயிறு இருக்கிறது. பொங்கல் வரை தள்ளினால் சீசன் பணத்தில் டயர் வாங்கலாம் என்பது அவர் கணக்கு. கணக்கில் விடுபட்டது ஒன்றே ஒன்றுதான், அதுவும் அவருடையதல்ல.

விபத்து நேர்ந்துவிட்டால் முதல் தகவல் அறிக்கையில் முதற்பெயர் ஓட்டுநருடையது. இந்திய தண்டனைச் சட்டத்தின் 279, 304ஏ என்று நாம் நாளிதழ்களில் வாசித்துப் பழகிய பிரிவுகள் 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 281, 106 ஆகிவிட்டன. கவனக்குறைவால் மரணம் விளைவித்தலுக்கு உச்சத் தண்டனை இரண்டாண்டிலிருந்து ஐந்தாண்டாக உயர்ந்திருக்கிறது. பாதுகாப்பற்ற நிலையிலுள்ள வண்டியை ஓட்டுகிறவர் மட்டுமல்ல, ஓட்ட அனுமதிக்கிறவரும் குற்றவாளி என்று 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 190ஆம் பிரிவு தெளிவாகவே சொல்கிறது. புத்தகத்தில் சொல்கிறது. மழையில் வண்டி வழுக்கியது என்று செய்தி வரும்போது ‘ஓட்டுநரின் கட்டுப்பாட்டை இழந்து’ என்றுதான் வருகிறது. டயரின் பள்ளம் எத்தனை மில்லிமீட்டர் என்று எந்த நிருபரும் எழுதிப் பார்த்ததில்லை. செய்தி எழுதுகிறவர்களும் மொழியோடு புழங்குகிறவர்கள்தானே என்ற ஆதங்கத்தில் சொல்கிறோம்.

தகுதிச் சான்று என்ற சோதனை இருக்கிறதே என்பீர்கள். வாடகை வண்டிகளுக்கு எஃப்.சி. உண்டுதான். ஆனால் அது வண்டி பதிவான தேதியை ஒட்டி வருவது, பருவத்தை ஒட்டி வருவதல்ல. மாசியில் எஃப்.சி. முடித்த வண்டி ஐப்பசிக்குள் பல்லாயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கும். எஃப்.சி.க்கு மட்டும் நல்ல டயரை இரவல் வாங்கி மாட்டிக் காட்டிவிட்டு மறுநாள் கழற்றிக் கொடுக்கும் சாமர்த்தியத்தைக் கேள்விப்படாதவர் எந்த ஸ்டாண்டிலும் இல்லை. புதிய டயர்களின் ஈரப்பிடிப்புக்கும் தரம் நிர்ணயித்து 2022இல் ஒன்றிய அரசு விதி வகுத்தது. நல்ல காரியம். ஆயினும் அது கடையில் நிற்கும் டயருக்கான விதி. சாலையில் தேய்ந்து ஓடும் டயரை அது தொடுவதில்லை.

இந்திய இராணுவத்தில் லாரி ஓட்டி ஓய்வு பெற்ற நயினார்கோவில்காரர் ஒருவர் இதற்கு மாறான ஒரு காட்சியைச் சொன்னார். இமயத்துக் கணவாய்களில் பனி விழுந்துவிட்டால் சக்கரங்களில் இரும்புச் சங்கிலி கட்டியாக வேண்டும். கட்டாத வண்டியை வழியிலுள்ள சோதனைச்சாவடியில் மேலே விடமாட்டார்கள். சங்கிலி கட்டும் வேலை கைவிரல் மரத்துப்போகும் வேலை. பனி முடிந்து தார் தெரிந்ததும் அதை அவிழ்த்தாக வேண்டும், இல்லையேல் சங்கிலி டயரைத் தின்றுவிடும். அவ்வளவு சிரமத்திலும் அவருக்கு அங்கே ஒரு நிம்மதி இருந்ததாம். ‘சங்கிலி இல்லைன்னா வண்டி எடுக்கமாட்டேன்னு அங்க நான் சொல்லலாம். ஆபீசரே ஆனாலும் கேட்டுத்தான் ஆகணும். இங்க வந்து ஒரு டயர் சரியில்லைன்னு சொன்னா, ஒனக்குப் பதிலா வேற ஆள் இருக்குன்னுட்டாங்க.’

ஆகவே நாங்கள் கேட்பது பெரிய சீர்திருத்தம் ஏதுமில்லை. புரட்டாசிக் கடைசிக்குள் இந்த மாவட்டத்தின் வாடகை வண்டிகள் அனைத்துக்கும் ஒருமுறை டயர்ப் பள்ளம் அளந்து பார்க்கப்பட வேண்டும். தேதியைக் கூதிர் தீர்மானிக்கட்டும். ஒன்ராறியோவின் வெல்லத்தை நம் காப்பீட்டு நிறுவனங்களும் கொஞ்சம் கொடுத்துப் பார்க்கலாம். வண்டி எடுக்கமாட்டேன் என்று டயரைக் காட்டிச் சொன்ன ஓட்டுநருக்கு அன்றைய பேட்டா போகக்கூடாது. இதை ஓட்டுநர் சங்கங்கள் தம் கோரிக்கைப் பட்டியலில் சேர்க்க வேண்டும். பரமக்குடி – இராமநாதபுரம் சாலையை நான்கு வழியாக்க 2025 ஜூலையில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் தந்திருக்கிறது, 46.7 கிலோமீட்டருக்கு 1,853 கோடி ரூபாய். சாலை அகலமானால் வேகம் கூடும். இன்று அறுபதில் ஓடித் தப்பிக்கும் மொட்டை டயர் நாளை அதே மழையில் தொண்ணூறில் ஓடும்.

அதுவரை என்ன செய்கிறீர்கள் என்று அந்த இளைஞரைக் கேட்டோம். ‘மழை புடிச்சா நாப்பதுக்கு மேல போறதில்லண்ணே’ என்றார். போன கார்த்திகையில் அப்படித்தான் மெதுவாக ஓட்டிக்கொண்டுபோய், அக்னி தீர்த்தத்தில் விடியலில் முழுக்குப் போட நினைத்திருந்த சவாரியை வெயிலேறிய பிறகு சேர்த்திருக்கிறார். வண்டியில் வந்தவர்கள் வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வந்து, திரும்பியதும் முதலாளியிடம் புகார் சொன்னார்களாம். அடுத்த சவாரிக்கு வேறு ஆளை அனுப்பிவிட்டார் முதலாளி. அதே டயர்தான்.